இடக்கைத் துப்பாக்கி

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கிறது. நீயும் அந்த அலாஸ்காக் குளிரில் காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கிற மும்முரத்தில் உன் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இங்கே மலையில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வரும் திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது, பள்ளிக்கூடத்துக்கு வாரம் முழுக்க விடுமுறை. அப்பா மட்டும் இந்த வருஷம் தன் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். தம்பி பேச்சையே எடுக்காதே என்று போனில் சொன்னாய், அதனால்தான் கடிதம். போனை வைப்பது மாதிரி இதைப் பாதியில் வைக்க முடியாது பார். கோபம் வந்தால் மூலையில் எறிந்துவிட்டுப் பிறகு எடுத்துப் படி.

உன் தம்பி கோல்பிக்குச் செவ்வாய்க்கிழமை தண்டனை சொன்னார்கள். போதை மருந்து விற்றதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், அதில் வாதம் ஒன்றும் இல்லை. அவனிடம் வாங்கியதும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தான், அதை நான் மறக்கவில்லை. அப்பாவின் வெல்டிங் சாமான், என் மோதிரம், நீ விட்டுப்போன கார் எல்லாவற்றையும் அவன் விற்றுத் தின்றதையும் மறக்கவில்லை. ஆனால் ஃபெடரல் கோர்ட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. அவனிடம் அகப்பட்ட அளவுக்குக் குறைந்தது ஐந்து வருடம் போட்டாக வேண்டும். முதல் தடவை மாட்டியவன், உண்மையெல்லாம் சொல்லிவிட்டான் என்றால் நீதிபதி அதற்குக் கீழே இறங்கலாம். அந்த வியாபாரத்தோடு ஒரு துப்பாக்கியும் சேர்ந்துவிட்டால் அந்தக் கதவு அடைத்துக்கொள்ளும், ஐந்துக்கு மேலேயும் ஏறும். கோல்பியின் டிரெய்லர் வீட்டைச் சோதித்தபோது அலமாரியில் ஒரு துப்பாக்கி இருந்ததாம். இந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி இல்லாத அலமாரி எங்கே இருக்கிறது? நம் பாதிரியார் வீட்டிலேயே மூன்று இருக்கிறது. அரசு வக்கீல் நகரத்துப் பிள்ளை, சரக்கைக் காக்க வைத்திருந்த ஆயுதம் என்று எழுதிவிட்டார். கோல்பிக்காக வாதாடும் வக்கீலம்மா என்னிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "யாருதுன்னு கேட்டா என்னுதுங்கிறான், எதுக்கு வெச்சிருந்தேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். உங்க பையனைக் காப்பாத்தறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்றார். போலீஸ் எடுத்துப்போன அந்தத் துப்பாக்கியை நாங்கள் அதுவரை கண்ணால் பார்க்கவில்லை. பையன் சின்ன வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவன் என்று சொல்லத்தான் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அப்பா சாவு வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தானை மாட்டினால் மூச்சு நிற்கிறது, மாட்டாவிட்டால் வயிறு நிற்கிறது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசு வக்கீல் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, "இதை எடுத்துக்கிட்டு உங்க மகன் வேட்டைக்குப் போய் நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். அப்பா குனிந்து பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இது அவனோடது இல்லீங்க. எங்க பொண்ணோடது" என்றார். உடனே கோல்பி எழுந்து, "அப்பா, வேண்டாம்ப்பா, பேசாம இருங்க!" என்று கத்தினான். காவலர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நீ அதை அலாஸ்காவுக்கே எடுத்துப் போய்விட்டாய் என்றல்லவா நினைத்திருந்தோம். எப்படி அடையாளம் சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். "குண்டு ஏத்த இழுக்கிற கைப்பிடியைப் பாருங்கய்யா, இடது பக்கம் இருக்கு. எங்க குடும்பத்துல இடக்கைக்காரி அவ ஒருத்திதான். அவளுக்குன்னு கடை கடையா அலைஞ்சு வாங்கினேன்" என்றார் அப்பா. எந்தப் பக்கம் இருந்தால் என்ன, சுட்டால் சுடும் என்றார் அரசு வக்கீல். நீதிபதி துப்பாக்கியை வாங்கி, இழுத்துப் பார்த்து, "நானும் வேட்டைக்குப் போறவன்தான் தம்பி. அவசரத்துக்கு எடுக்கறவன் இதையா வெச்சிருப்பான்? அதுவும் குண்டே இல்லாம, எண்ணெய்த் துணியில சுத்தி?" என்றார். வீடு முழுக்கத் தேடியும் ஒரு குண்டுகூடக் கிடைக்கவில்லை என்று போலீஸ்காரரே ஒப்புக்கொண்டார்.

பிறகு கோல்பியை நிற்க வைத்து, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவன் என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா நர்ஸா இருக்கா. இந்தக் கேஸ்ல அவ பேரு வந்தா வேலைக்கு வம்பு வரும்னு பயந்தேன். ஏற்கெனவே அவளுக்கு நான் பண்ணினது போதும்." வீட்டுச் சாமானையெல்லாம் விற்றவன் இதை மட்டும் ஏன் விற்கவில்லை என்றார் நீதிபதி. "அலாஸ்காவுக்குப் போறப்ப என் கையில கொடுத்து, எதை வேணா வித்துத் தொலை, இதை வித்தே, கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போனா. அதான்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அழுதேன், கெண்ட்ரா. நீ அதை விளையாட்டாகச் சொன்னாயோ, வெறுத்துப்போய்ச் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. போதை கிடைக்காமல் வெறி தலைக்கேறிய நாட்களிலும் அவன் அந்த ஒன்றைத் தொடவில்லை. "இதைக் காப்பாத்தின புத்தி மத்த நாளெல்லாம் எங்கே போச்சு?" என்று நீதிபதி கடிந்துகொண்டார். துப்பாக்கிக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று தீர்த்து, மூன்று வருடம் போட்டார், சிறைக்குள்ளேயே போதையை விடச் சிகிச்சையும் உண்டு. மூன்று வருடம் சின்னதில்லை. ஆனால் அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருந்திருந்தால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பான்? இரும்புத் துண்டை நம்பி இருக்கிறது ஒருவனுடைய ஆயுசு, இது என்ன சட்டமோ, எனக்கு வயிறு எரிகிறது. உன் வேலைக்கு ஒரு பாதிப்பும் வராது என்று வக்கீலம்மா உறுதியாகச் சொன்னார், நீ பயப்படாதே.

உன்னிடம் எதுவும் கேட்கச் சொல்லி அவன் என்னைத் தூதனுப்பவில்லை. எழுதாதே என்றுகூடச் சொன்னான். ஜனவரி வரை இங்கே பக்கத்துச் சிறையில் இருப்பான், அதற்குப் பிறகு கென்டக்கிக்குக் கொண்டுபோவார்களாம். கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், உன் கை பட்டவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. அந்தத் துப்பாக்கியை உடையவளிடம்தான் கொடுப்பார்களாம். அப்பா போய்க் கேட்டும் தரவில்லை, நல்லதாயிற்று என்று நான் வெளியே சொல்லவில்லை. நீயே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரிக்குள் வா. வாங்கிக்கொண்டு, அப்படியே அவனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. கையை ஒடிக்க வேண்டியதில்லை மகளே, அவன் அதை விற்கவில்லை.

உன் அன்பு அம்மா,
ஓலீட்டா ஸ்டில்ட்னர்