லாம்புச் சின்ன நோட்டீஸ்

பங்குனி 3, செவ்வாய்

விடியவே தூறல். உடுப்பு காயவில்லை. ஹீட்டருக்கு மேல் இவருடைய வேலைச் சட்டை, குளியலறைக் கதவில் போர்வை. தவக்காலம், இறைச்சி இல்லை. பருப்பும் லீக்ஸும்.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் ஒன்றுகூடல். ஆளுக்கொரு மேசை, அவரவர் சேர்த்து வைத்திருப்பதைக் காட்ட. முத்திரை, பழைய காசு, பின்னல் வேலை. எனக்கும் ஒரு மேசை! நான் சேர்த்த இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நோட்டீசுகளுக்கு ஒரு மேசை. இவர் சப்பாத்துப் போட்டபடி, “உவங்கட மூஞ்சியளை வீட்டுக்குள்ள அடுக்கினது காணாதெண்டு கோயில் மண்டபத்துக்கும் கொண்டுபோறியோ?” என்றார். சாப்பாட்டுப் பெட்டியில் இன்னொரு முட்டை வைத்துவிட்டேன்.

கொண்டுபோக:
– துண்டுப்பிரசுரங்கள், தேர்தல் வாரியாக
– மாதிரி வாக்குச் சீட்டு (நீளமானதை மடிக்காமல் எப்படி?)
– வேட்பாளர் படம் போட்ட சட்டைப்பைக் கலண்டர்கள்
– ஸ்டிக்கர்
– சவேரி அண்ணையின் லாம்பு நோட்டீஸ்

கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா படியில் மறித்தார். பெட்டிக்குள் என்ன? ஜனாதிபதித் தேர்தல் என்றேன். “நாங்கள் ஜனாதிபதிக்கு வாக்குப் போடுவதே இல்லையே” என்றார். உண்மைதான். இங்கே அந்தப் பதவிக்கு மக்களிடம் கேட்பதில்லை, நோட்டீசும் அடிப்பதில்லை. பாவம், சேர்க்க ஒன்றுமில்லை.

சவேரி அண்ணையின் நோட்டீஸ் எனக்குச் சொந்தமில்லை. மேசைக்காக இரவல். தபாலில் அனுப்பப் பயந்து, மாசியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறிக் கொண்டுவந்து கையில் தந்தார். இளவட்டத்தில் மன்னாரில் யாரோ ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு மாப்பசை பூசிச் சுவரொட்டி ஒட்டினாராம். சின்னம் அரிக்கன் லாம்பு. ஆள் தோற்றுப்போனார். ஒரு நோட்டீஸ் மட்டும் நாலாக மடித்தபடி சட்டைப்பையில் கிடந்து ஜெர்மனி வரை வந்துவிட்டது. அகதி விசாரணையில் அவர் கையில் வேறு ஒரு கடதாசியும் இல்லை. ‘மன்னார்’ என்று அச்சடித்திருந்தது அது ஒன்றில்தான். அதிகாரி அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டாராம். திரும்பக் கிடைத்தபோது மூலையில் இரண்டு துளை. அண்ணை ஆட்களுக்குக் காட்டுவது வேட்பாளரை அல்ல, அந்தத் துளைகளை. “இதுதான் என்ர முதல் பாஸ்போட்” என்பார்.

மூன்று தரம் விலைக்குக் கேட்டிருக்கிறேன். “என்ர ஆளை விக்கமாட்டன் தங்கச்சி.” அதுக்கு மேல் கேட்கவில்லை. நினைக்காமல் இருக்கவும் இல்லை.

மத்தியானம் கடையில் லமினேற் இயந்திரம் மலிவு விலையில். 17.99. பிளாஸ்டிக் உறை ஒரு பெட்டி 6.49. வீட்டுச் செலவில் எழுதவில்லை, என் பிறந்தநாள் காசு. பெறுமதியான கடதாசியென்றால் எங்கள் வீட்டில் லமினேற்தான். இடம்பெயர்ந்து திரிந்த நாளில் அப்பா அப்படிச் செய்தபடியால்தான் எங்களுடைய பிறப்புப் பதிவுகள் மழையிலும் கடலிலும் பிழைத்தன. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. அந்த எட்டாம் வகுப்பு றிப்போட் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது.

முதலில் எதைச் செய்வது? ஆகவும் நைந்தது சவேரி அண்ணையுடையது. அதோடு அடுத்தவர் பொருள், முதல் பாதுகாப்பு அதுக்குத்தான். சிலுவை போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குள் விட்டேன். கண்ணாடி போல வந்தது. மடிப்புகள் எல்லாம் நிமிர்ந்து, வேட்பாளரே பத்து வயது குறைந்த மாதிரி. மிச்சத்தை நாளைக்குச் செய்யலாம்.

பங்குனி 4, புதன்

மழை விட்டுவிட்டது, குளிர் விடவில்லை. மகள் ஷரோனுக்கு வேலை அரைநாள். நூலகமொன்றில் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்கிறாள், இரண்டாம் வருடம். சந்தோஷமாகக் காட்டினேன்.

“அம்மா, இது யாற்ற?”

“சவேரி அண்ணையின்ர.”

“நைன். நைன், நைன், நைன்.”

ஜெர்மனில் ‘இல்லை, இல்லை’ என்றபடியே கதிரையில் இருந்துவிட்டாள். சூட்டில் பசை உருகிக் கடதாசிக்குள் இறங்கிவிடுமாம். பிரித்தால் மை உறையோடு போகுமாம். பழைய கடதாசிக்குச் செய்யவே கூடாத வேலை என்று முதல் மாதமே படிப்பித்தார்களாம்.

“அப்ப என்ர ஞானஸ்நானச் சான்றிதழ்?”

“அதுவும் செத்துப்போச்சு அம்மா.”

சிரிப்பாகத்தான் சொன்னாள். கலியாணப் பதிவுக்கு இவருடைய பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனபோது, லமினேற் செய்தது செல்லாது என்று இங்கே திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர்களைத்தான் திட்டினேன். கடதாசியைக் காப்பாற்றியவர்களை விட்டுவிட்டுத் தொலைத்தவர்களுக்கா மரியாதை என்று. இப்போது எது சரி? அப்பா செய்தது பிழையா? அப்படிச் செய்திருக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சியிராதே.

இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். என்னுடைய நோட்டீசுகள் எல்லாம் தப்பிவிட்டன. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. கேட்பவர் என்ன நினைப்பார்? தன்னுடையதை வைத்துக்கொண்டு இரவல் பொருளில் பழகிப் பார்த்தாள் என்றுதானே.

சீனி, தேயிலை, வெங்காயம் 8.12.

பங்குனி 5, வியாழன்

வெயில்! ஜன்னல் துடைத்தேன்.

ஷரோன் நூலகத்தில் கடதாசி திருத்தும் பெண்ணிடம் கேட்டு வந்தாள். கரைசல் ஏதோ இருக்கிறதாம், ஆனால் மலிவு மை, நிற்குமென்று சொல்ல ஏலாதாம். இஸ்திரிப் பெட்டி வைக்க வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம், இருந்தபடி விடச் சொன்னாராம்.

இவருடைய யோசனை வேறு. “கலர் போட்டோக்கொப்பி ஒண்டு எடு. தேத்தண்ணிச் சாயம் பூசு. ஸ்டேப்ளரால ரண்டு ஓட்டை போடு. அண்ணைக்குக் கண்ணும் வடிவாத் தெரியாது.”

“பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லுறியளோ? அதுவும் தவக்காலத்தில?”

“அப்ப உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு செய்.”

இந்த மனுசனோடு ஒன்றும் கதைக்க ஏலாது. பிறகு தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். சீனி கூட.

பின்னேரம் சவேரி அண்ணைக்குப் போன் எடுத்தேன், சொல்லிவிடுவோம் என்று. நான் வாய் திறக்க முதலே, “வாறன் வாறன், ரிக்கெற்றும் எடுத்தாச்சு! மருமோனையும் கூட்டிக்கொண்டு வாறன். ஒரு ஒப்பீஸ்காரன் தேர்தல் நோட்டீசைப் போய் ஃபைலில ஸ்டேப்ளர் அடிப்பானோ எண்டு அவன் நம்புறானில்லை. ஜெர்மன்காரன்தானே, தங்கட ஒப்பீசை விட்டுக்குடுக்கமாட்டான். ஓட்டையைத் தடவிப் பாரடா எண்டு காட்டப்போறன். என்ர ஆள் பத்திரமா இருக்கிறாரோ?”

“ஓம் அண்ணை, பத்திரமா இருக்கிறார்.”

பத்திரமாகத்தான் இருக்கிறார். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நான் சொன்னது பொய்யா இல்லையா?

பங்குனி 6, வெள்ளி

ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். சிலுவைப்பாதைக்குப் போனேன், பிறகு பாவசங்கீர்த்தனம். பங்குக் குருவிடம் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன், சுவாமி முழுக்கக் கேட்டார்.

“தெரிஞ்சு செய்தனீங்களோ?”

“இல்லை சுவாமி. காப்பாற்றத்தான் செய்தனான்.”

“அப்ப அது பாவமில்லை. தவறு. அவரிட்டப் போய்ச் சொல்லுங்கோ.”

பாவமில்லை என்றால் ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. பாவத்துக்கு ஒரு வழி இருக்கிறது. முழங்காலில் நிற்கலாம், சொன்ன செபத்தைச் சொல்லலாம், முடிந்தது. தவறுக்கு என்ன செய்வது? அபராதம் தாங்கோ சுவாமி என்று நானே கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ தந்தார். காணாது என்று தோன்றியது. மூன்று சொன்னேன்.

டிராமுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது: அந்த நோட்டீசில் எனக்கிருந்த ஆசையைச் சொல்லவே இல்லை. பிறர் உடைமையை விரும்பாதே. திரும்பிப் போனேன். கோயில் பூட்டியிருந்தது.

பங்குனி 7, சனி

வானம் மப்பு. மீன் கட்லிஸ், உழுந்து வடை, ஒரு கேக். சமையலுக்கு 31.60, பாதி மண்டபக் கணக்கில். உப்புப் போட்டேனா என்று இரண்டு தரம் சந்தேகம்.

நோட்டீசுகளை அடுக்கினேன். இதெல்லாம் தொடங்கியது ஒரு பார்சலில். மச்சாள் ஊரிலிருந்து பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்பியபோது சுற்றி வந்தது ஒரு ஜனாதிபதி வேட்பாளரின் நோட்டீஸ். மாவைத் தட்டிவிட்டு வாசித்தேன்: எல்லா வீட்டுக்கும் தண்ணீர், எல்லாருக்கும் வேலை. எறிய மனம் வரவில்லை. செபத்தில் நாங்கள் தாரும் தாரும் என்கிறோம். இதில் அவர்கள் தருகிறோம் தருகிறோம் என்கிறார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பது நாங்கள்தான். இதை யாரிடமாவது சொன்னால் விசர் என்பார்கள்.

சவேரி அண்ணையின் நோட்டீஸை மேசையில் வைப்பதா? வைத்தால் சொல்ல முதலே கண்டுவிடுவார். கைப்பையில் வைத்தாயிற்று.

பங்குனி 8, ஞாயிறு

பூசைக்கு முதலே சொல்ல எண்ணியிருந்தேன். ரயில் பிந்தி, அவர்கள் உள்ளே வரும்போது நற்செய்தி வாசித்து முடிந்துவிட்டது. அண்ணை புதுச் சட்டை. மருமகன் நல்ல உயரம், பெயர் டோபியாஸ்.

மண்டபத்தில் சனம். என் மேசைக்கும் வந்தார்கள். ஒருவர், “இவருக்கு நான் வாக்குப் போட்டனான்” என்று ஒரு கலண்டரைக் காட்டிவிட்டு உடனே சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொருவர் ஒரு முகத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். அவரைக் கூப்பிடவில்லை.

அண்ணை வந்தார். “எங்க என்ர ஆள்?”

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். “அண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன். பழுதாகக் கூடாதெண்டு லமினேற் பண்ணினன். பண்ணக் கூடாதாம். பிரிக்கவும் ஏலாதாம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார். பெருவிரலால் மூலையைத் தடவினார். பிறகு மருமகனின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

“தெரியுது. ஆனால் கைக்குப் படுகுதில்லை” என்றார் அண்ணை.

“தெரியுது மாமா. நம்புறன்” என்றான் மருமகன், படித்த தமிழில், மெதுவாக.

அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தவர். அண்ணையின் முகத்தில் ஒன்றும் இல்லை.

பழக்கத்தில் நோட்டீஸைச் சட்டைப்பையில் வைக்கப் போனார். மடியவில்லை. பக்கவாட்டில் திருப்பி இன்னொரு தரம். பாதிதான் போனது. வேட்பாளரின் தலையும் லாம்பும் பைக்கு வெளியே நின்றன.

வடை எடுக்க வந்த யாரோ, “என்ன அண்ணை, வோட்டுக் கேக்க வெளிக்கிட்டாச்சோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். “ஓமோம், லாம்புக்கே போடுங்கோ!”

போகும்போது என் மேசையில், மற்ற நோட்டீசுகளுக்கு நடுவில், அதை வைத்தார்.

“உங்களிட்டயே கிடக்கட்டும் தங்கச்சி. நீங்கள் கவனமா வைச்சிருப்பியள்.”

பங்குனி 9, திங்கள்

நல்ல வெயில். உடுப்பெல்லாம் பல்கனியில்.

கவனமா வைச்சிருப்பியள். கோபத்தில் சொன்னாரா, அன்பில் சொன்னாரா? குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், காலையில் ஒரு மாதிரிக் கேட்கிறது, பாத்திரம் கழுவும்போது இன்னொரு மாதிரி. இவருக்குக் குழப்பமே இல்லை: “வேணும் வேணுமெண்டு நிண்டனி, கிடைச்சிட்டுது. பேந்தென்ன?” அதுதான் பயமாக இருக்கிறது. விலைக்குக் கேட்டபோது கிடைக்காதது, பழுதாக்கினபோது கிடைத்திருக்கிறது.

பதினொரு மணிபோல் அண்ணை போன் எடுத்தார். சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். கட்லிஸ் திறமாம். மருமகன் செய்முறை கேட்கிறானாம். நோட்டீஸ் பற்றி ஒரு சொல் இல்லை. போனை வைக்க முதல் மட்டும், “இப்ப பொக்கற் வெறுமையாக் கிடக்கு, கை சும்மா சும்மா அதுக்குள்ளதான் போகுது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

சேகரிப்புக் கொப்பியை எடுத்தேன். தேர்தல், சின்னம், நிலை, வந்த வழி. நிலை: லமினேற். வந்த வழியில் மாசியில் பென்சிலால் ‘இரவல்’ என்று எழுதியிருக்கிறேன். வாங்கியது இல்லை. மாற்றியது இல்லை. அழித்துவிட்டு ‘அன்பளிப்பு’ என்று எழுத இறப்பர் எடுத்தேன். இறப்பரைக் கையில் வைத்துக்கொண்டு செபமாலையில் ஒரு பத்து மணியை உருட்டிச் சொன்னேன். பிறகு பேனாவை எடுத்துப் பென்சில் எழுத்துக்கு மேலேயே போட்டேன்: இரவல். சரியோ பிழையோ தெரியவில்லை.

இருட்டிக்கொண்டு வருகிறது. உடுப்பு எடுக்க வேண்டும்.