ஓடக்காரன் செம்பனின் நெஞ்சுநோய் வந்து சேர்ந்த இடம்

வளம் பெருகுக. மலைகளும் ஒரு கடலும் எல்லையாக அமைந்த வெண்குவளை நாட்டின் அரியணையில் அமர்ந்து, குடிகளின் பிணியைத் தம் பிணியாக ஏற்பதாக ஆற்றுநீரில் இடுப்பளவு நின்று உறுதி சொல்லிய கோப்பெருநங்கை முத்தாரவல்லி, தென்கரைக் கூற்றத்தைக் காத்துவரும் ஏனாதி நம்பிக்கூத்தனுக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் நலமாக வந்து சேர்க. உம் வாய்க்கால்களில் நீர் வற்றாதிருக்க. உம் இல்லத்தார் இனிதே உறங்குக. எம் உறக்கம் கெட்ட காரணத்தைக் கீழே சொல்வோம்.

உம் விண்ணப்பம் கேட்டோம். உப்பாற்றுத்துறை நெஞ்சக மருத்துவன் அந்துவனைச் சிறையிட்டதாகவும், அரியணைக்கு நோய் ஏவிய குற்றத்துக்காக அவன் தலையை வாங்க எம் இசைவு வேண்டுமென்றும், காப்புவில்லைகளை நாடெங்கும் திரும்பப் பெற்றுவிடலாம் என்றும் எழுதியிருந்தீர். அவசரப்படுவதில் உம்மை மிஞ்ச ஆளில்லை. அவனோடு சேர்த்துப் பிடித்து, கைகட்டி எம்மிடம் அனுப்பினீரே ஒரு பெண், பூதி என்று பெயர், அவளிடம் ஒரு வார்த்தையாவது கேட்டீரா? யாம் கேட்டோம். கேட்டதை உமக்கும் சொல்கிறோம்; இடையில் எழுந்து போகாமல் கேளும்.

இந்தப் பூதி ஓடக்காரன் செம்பனின் மனைவி. செம்பன் ஆற்றின் நடுவே துடுப்பைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, அவளே துடுப்பெடுத்துக் கரை சேர்த்தாள். அன்றிரவே அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். இரண்டு துடிப்பு வரும், மூன்றாவது வராது, போய்விட்டானோ என்று இவள் அவன் தோளை உலுக்கப் போகும்போது இழுத்துக்கொண்டு வரும். விடிந்ததும் எம் பாட்டனார் காலத்திலிருந்து குடிக்கு ஒன்றாகக் கொடுத்துவரும், குவளை பொறித்த செப்புக் காப்புவில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். அதைக் காட்டினால் மருத்துவர் கூலி கேட்கக்கூடாது, செலவு அரண்மனையைச் சேரும் என்பது நாடறிந்தது. வில்லையை வாங்கும் மருத்துவர் கிண்ணத்தில் ஒரு கை நீர் வார்த்து, இப்பிணியை நாடாள்பவர் ஏற்றார் என்று சொல்வார். அது வெறும் சடங்கு என்றே யாமும் எண்ணியிருந்தோம்.

உப்பாற்றுத்துறையில் நெஞ்சக மருத்துவருக்கா பஞ்சம்? முதல் வீட்டில் அறுவடை முடியும்வரை இடமில்லை என்றார்கள். அடுத்த வீட்டில், முன்பே பார்த்துவரும் நோயாளிகளின் வில்லையை மட்டுமே வாங்குவோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் மருத்துவர் ஊரிலேயே இல்லையாம்; அவர் உள்ளே தும்மியது வாசல்வரை கேட்டதாம். பணக்காரர்கள் பல்லக்கில் வந்து இறங்குவதையும் அவர்களை உள்ளே அழைத்துச் செல்வதையும் பூதி பார்த்துக்கொண்டே நின்றாள். பேராசை பிடித்தவர்கள் என்று வாய்க்கு வந்தபடி ஏசினாளாம். நீரும் அப்படித்தான் நினைத்து அவர்களுக்குத் தண்டம் விதித்தீர். அந்தத் தண்ட ஓலையில் முத்திரை வைத்தது எம் கைதான்.

கடைசியாக ஒரு முதியவர், ஆலடித் தெரு மருத்துவர், அவளை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினார். வில்லையை அவர் கையால் தொடவில்லை. மேல்துண்டால் பற்றி அவள் பக்கமே தள்ளினார். "அம்மா, காய்ச்சல், கட்டி, வயிற்றுவலி எதுக்கு வேணும்னாலும் இதைக் கொண்டா, வாங்கிக்கிறேன். நெஞ்சுக்கு மட்டும் கொண்டு வராதே. எனக்கு அந்தத் தாய் நல்லா இருக்கணும்" என்றார். எந்தத் தாய் என்று பூதிக்கு விளங்கவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதைக் கேட்டபோது எம் பழைய நோய்களை எண்ணிப் பார்த்தோம், ஏனாதியாரே. மழைக்காலம் வந்தால் எமக்கு இருமல் வரும். நடவு நாளில், சேற்றில் கால்வைத்தறியாத எம் விரலிடுக்குகளில் புண் காணும். அரண்மனை வைத்தியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எம் தந்தையார் இறக்கும்போது அவர் உடம்பில் எந்தப் போரிலும் படாத காயங்கள் இருந்தன. அவற்றைக் கழுவியவர்கள் உடனே பட்டால் மூடிவிட்டார்கள்.

அந்துவன் உப்புக் கிடங்குச் சந்தில் குடியிருப்பவன். செம்பனைத் தோளில் தாங்கிக்கொண்டு பூதி அங்கே போனாள். அவன் மற்றவர்களைப் போல மழுப்பவில்லை. வில்லையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இந்த நோய் எங்கும் ஒழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது என்றும், போய்ச் சேரும் இடம் இன்னதென்றும் அவளுக்கு எடுத்துரைத்தான். வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று தான் குருவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும், ஆனால் முடிவு அவளுடையது என்றும் சொன்னான். பூதி புருஷனைப் பார்த்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாட்டை ஆள நூறு பேர் இருக்காங்க. எனக்கு இவர் ஒருத்தர்தான். ஊத்துங்க" என்றாள்.

அந்துவன் நீரை வார்த்தான். சொல்லைச் சொன்னான். கிண்ணத்து நீர் யாரும் தொடாமலே துடிக்கத் தொடங்கியது: இரண்டு அலை, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு அலை. பிறகு நீர் அசைவற்றுப் போனது. செம்பன் நிமிர்ந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். அதே பகலில் அவை நடுவே, தூதருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்த எம் வாயில் பாதிச் சொல் நின்றது. மூன்றாவது துடிப்பு வரவில்லை.

செம்பன் இப்போது ஓடம் ஓட்டுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். பூதிக்குத்தான் உறக்கம் போயிற்று. பக்கத்தில் படுத்திருப்பவன் நெஞ்சு பிசகாமல், அவையில் கட்டியம் கூறுவது போல் அடிக்கிறதாம். யாரோ அயலார் பாயில் வந்து படுத்திருப்பது போல் அச்சமாயிருக்கிறதாம். அந்தத் துடிப்பின் நடை யாருடையதென்று எமக்குத் தெரியும். பிறந்தது முதல் எம்மோடு இருந்தது அது.

அவள் கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லி, அவையோரை வெளியேற்றி, அவள் கையை எடுத்து எம் மார்பில் வைத்தோம். அவள் நெடுநேரம் அசையாமல் நின்றாள். இடைவெளி வந்தபோது அவளும் மூச்சை நிறுத்தினாள். துடிப்பு திரும்பியதும் அவள் முகம் மலர்ந்ததைக் கண்டோம்.

"இது அவருதான்" என்றாள். பிறகு எம் காலடியில் உட்கார்ந்து அழுதாள். தனக்கு மாற்றிவிட வழியுண்டா என்று கேட்டாள். இல்லை என்றோம். இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம். எமக்கும் சாவென்றால் அச்சம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆற்றில் நின்று சொன்ன சொல்லை யாரும் கத்தியைக் காட்டி எம்மிடம் வாங்கவில்லை.

ஆகவே எம் ஆணை இது. அந்துவனை இவ்வோலை கண்ட நாளிலேயே விடுவித்து, அவன் வீடுவரை நீரே உடன் நடந்து போக வேண்டும். எம்மீது கொண்ட அன்பால் வில்லையை மறுத்த மருத்துவர்களிடம் வாங்கிய தண்டத்தைத் திருப்பித் தந்து, இனி நெஞ்சுநோய்க்கும் வில்லையை வாங்கும்படி யாம் வேண்டிக்கொண்டதாக வீடுவீடாகச் சொல்லும். ஆலடித் தெருப் பெரியவரிடம் கூடுதல் பணிவோடு சொல்லும். ஒரு மார்பு எத்தனை பேரைத் தாங்கும் என்பது எமக்குத் தெரியாது. எமக்குப் பின் வருபவர் ஆற்றில் இறங்குமுன் இவ்வோலையை அவர் காதில் படித்துக் காட்டவேண்டும். கேட்டபின் கரையிலிருந்தே திரும்பிப் போகிறவரை எவரும் பழிக்கலாகாது.

இங்கே ஓலை எழுதுவோன் கையைச் சற்று நிறுத்தச் சொன்னோம். செம்பனின் துடிப்புக்கு அடியில் இப்போது இன்னொன்று கேட்கிறது. மிகச் சிறியது, வேகவேகமாக ஓடுகிறது, பிறந்து சில திங்களே ஆன குழந்தையுடையதாக இருக்கவேண்டும். நாட்டில் எங்கோ ஒரு மருத்துவர் கதவைத் திறந்திருக்கிறார். எவர் என்று விசாரிக்க வேண்டாம். குழந்தை பால் குடித்ததா என்பதை மட்டும் அறிந்து, விரைவுக் குதிரையில் எமக்கு எழுதியனுப்பும்.

இது கோப்பெருநங்கை முத்தாரவல்லி திருவாய் மலர்ந்தருளிய சொல். குவளை முத்திரை, பிறர் அவரைத் தாங்கிப் பிடிக்க, அவர் கையாலேயே இடப்பட்டது.