இளஞ்சிவப்பு சோப்பு டப்பா

அடியே,

இன்று காலை உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்து அந்த இளஞ்சிவப்பு சோப்பு டப்பாவைக் கழற்றித் திறந்தேன். குப்பென்று சந்தன சோப்பு வாசனை! உள்ளே தீப்பெட்டி அளவில் உன் வைஃபை போர்டு, சுற்றிலும் நீ ஒட்டிய செலோடேப். நல்ல டப்பாவாக வாங்கலாம் என்று அன்று நான் சொன்னதற்கு, "தண்ணி போற ஓட்டை இருக்கு, அதுல காத்தும் போவும், போர்டு சூடாவாது. வேற என்னடி வேணும்?" என்றாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா?

நீ ஆஸ்பத்திரி லேபில், நான் முதலியார்பேட்டையில் ஜெராக்ஸ் கடையில். ஞாயிறு வந்தால் குருசுக்குப்பத்தில் உங்கள் மாடிக்கு ஓடி வந்துவிடுவேன். தரை முழுக்க ஒயர். நாம் செய்ததில் பாதி புகைந்து போனது. உருப்படியாக நின்றது உன் அப்பாவுக்கான மணி விளக்கு ஒன்றுதான். பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு வாசல் மணி எங்கே கேட்கும்? கீழே கேட்டில் ஒரு போர்டு, மேலே கூடத்தில் ஒன்று. மணியை அழுத்தினால் வைஃபை வழியாகச் சேதி வந்து கூடத்தில் மஞ்சள் பல்பு எரியும். முதல் நாள் எரிந்தபோது அப்பா பிரெஞ்சில், "வொலா!" என்று கை தட்டினாரே!

போன வாரம் வீட்டில் புது நெட் போட்டார்கள். ரவுட்டர் மாறியது, அதன் பெயரும் மாறியது, விளக்கு செத்துப் போனது. அப்பா நாற்காலியைப் படிக்கட்டுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க கேட்டையே பார்த்தபடி இருக்கிறார். மத்தியானத் தூக்கம் போச்சு. மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போன நேரத்தில் மருந்துக்காரர் வந்து திரும்பிவிட்டார். அது போதாதா உன் அண்ணனுக்கு? "இனிமே தனியா இருக்கவேணாம், இங்க வந்துடுங்கப்பா" என்று பிரான்சிலிருந்து மெசேஜ்.

அப்பா அதை என்னிடம் காட்டினார். "நான் எங்கம்மா போவேன்? நீதான அவகூட உக்காந்து செஞ்சது, பாரேன்" என்றார்.

போர்டில் புது புரோகிராம் எழுதி ஏற்றுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஏற்றினால் நீ எழுதியது அழிந்துவிடும். நீ கண்ணை மூடிய பிறகு உன் லேப்டாப்பும் போய்விட்டது. நீ எழுதியது இந்த டப்பாவுக்குள் மட்டும்தான் மிச்சம். மனசு வரவில்லையடி.

என் லேப்டாப்பில் மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. "முதல்ல கேபிளை மாத்திப் பாருடி" என்பாயே, மாற்றினேன். போர்டு விழித்தது. ஆனால் திரையில் ஒரே கிறுக்கல். லேப்டாப் படிக்கும் வேகத்தைப் போர்டு அனுப்பும் வேகத்துக்கு மாற்றி வைத்தேன். வந்தது பார், ஆங்கில எழுத்தில் உன் தமிழ்!

"எங்கடா போன? எங்கடா போன?"

பழைய வைஃபையைத் தேடி வரிக்கு வரி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குக் கீழேயே பழைய வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, எல்லாம்! பாஸ்வேர்டை எவளாவது திரையில் எழுதிக் காட்டுவாளா என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! "நாம மறந்துட்டா அதுவாச்சும் சொல்லட்டும்" என்றாய். சொல்லிவிட்டதடி, மகராசி!

போர்டை ஏன் மாற்ற வேண்டும்? ரவுட்டரை மாற்றினேன். புது ரவுட்டருக்கு உன் பழைய பெயரையே வைத்தேன், உன் பழைய பாஸ்வேர்டையே கொடுத்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். கூப்பாடு சட்டென்று நின்றது. ஒரே ஒரு வரி வந்தது. பிரெஞ்சு படித்த கண்ணல்லவா, அப்பா அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்கப் படித்தார்.

"வந்துட்டேன் பா."

இப்படி ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறாய் என்று என்னிடம்கூட நீ சொன்னதில்லை.

நான் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கி மணியை அழுத்தினேன். மேலே கூடம் மஞ்சளாயிற்று. "எரியுதும்மா! எரியுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி அப்பா கத்தினார். கையோடு அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினார்: "நான் இங்கேயே இருக்கிறேன்." அப்புறம் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

டப்பாவை மூடிச் சுவரில் மாட்டினேன். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. இப்போது லேப்டாப் மாட்டியிருக்கவில்லை, திரையும் இல்லை, படிக்க ஆளில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும், கரண்ட் வரும்போதெல்லாம் அந்த டப்பாவுக்குள் நீ அந்த வரியைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாய்.