டுவேன் பிக்கெட்டிடம் உள்ள இரண்டு கைத்துப்பாக்கிகளைத் திரும்பப் பெறக் கோருதல்

அனுப்புநர்
லொரேன் ஹாஸ்கெட்,
ஓய்வுபெற்ற நூலகர்,
மில்பாண்ட் தெரு,
ஹார்லோ, டல்லிஸ் கவுண்டி.

பெறுநர்
ஷெரிஃப் அவர்கள்,
ஷெரிஃப் அலுவலகம்,
டல்லிஸ் கவுண்டி.

பொருள்: திரு. டுவேன் பிக்கெட் வசம் உள்ள கைத்துப்பாக்கிகள் இரண்டையும் நீதிமன்ற ஆணை பெற்றுத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும், அவருக்கு வீரப் பதக்கம் வழங்குவதைக் கைவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜனவரியில் நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் சுடப்பட்டு இறந்த வெர்னன் ஹாஸ்கெட் என் கணவர். அவரைச் சுட்டவர் திரு. டுவேன் பிக்கெட். இவ்விரண்டும் தங்கள் அலுவலகம் அறிந்தவையே. நான் இம்மனுவை எழுதுவது திரு. பிக்கெட்டைத் தண்டிக்கக் கோரி அல்ல. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று கோரி. இதைத் தங்கள் வரவேற்பு மேசையில் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்தவர் என்னை மிகுந்த பரிவோடு துக்க ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் டுவைலா மியர்ஸ் என்ற பெண் கல்லாவில் நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் இன்றுவரை பிடிபடவில்லை. இதைக் குறையாகக் குறிப்பிடவில்லை. ஊர் ஏன் பயந்தது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். அந்தப் பயம் பொய்யானதல்ல, எனக்கும் இருந்தது. பெட்ரோல் போடும்போது காரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

அதன் பிறகு என் கணவர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் நடக்கும். காபியும் டோனட்டும் உண்டு. அவர் முன்பு உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் பயிற்சி அளித்தவர் என்பதால் ஊரே அவரைக் கோச் என்றுதான் அழைத்தது. பைபிள் வகுப்புக்கு வராதவர்களும் இந்த வகுப்புக்கு வந்தார்கள். பாதிரியார் இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

வகுப்பின் முதல் பாடம், உங்களிடம் துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது. ஊரில் பாதிப் பேர் இந்தப் பாடத்தில் தேறினார்கள். அதன் பயனாக, எவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாத ஊராக நாம் ஆனோம். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

என் கணவர் அடிக்கடி சொல்லும் பாடம் வேறு. அதை எங்கள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பார். எனக்கு மனப்பாடம்.

"மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி பொய் சொல்லும். கையப் பாரு. கையில துப்பாக்கி இருந்தா அவன்தான். யாருன்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத."

இந்தப் பாடத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தேறியவர் திரு. டுவேன் பிக்கெட். கூரை வேலை செய்பவர், விவாகரத்தானவர், பிள்ளைகள் இல்லை. பள்ளியில் என் கணவரின் அணியில் ஆடியவர். அந்த நாளிலிருந்தே சொன்னதைச் சொன்னபடி செய்யக்கூடிய பையன் என்று வெர்னன் அவரைப் பற்றிச் சொல்வார்.

3. நிகழ்ச்சி வருமாறு. ஓர் இளைஞர் சூப்பர் மார்க்கெட்டின் மருந்துப் பிரிவில் கத்தியைக் காட்டி மாத்திரை கேட்டார். பக்கத்தில் சூப் டப்பா எடுத்துக்கொண்டிருந்த என் கணவர் துப்பாக்கியை எடுத்தார். அந்த இளைஞர் உடனே கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துத் தலைமேல் கைகளை வைத்துக்கொண்டார். அத்தோடு குற்றம் முடிந்துவிட்டது. யாருக்கும் கீறல் இல்லை. என் கணவர் காவலர் வரட்டும் என்று துப்பாக்கியுடன் அங்கேயே நின்றார்.

சத்தம் கேட்டு உறையவைத்த உணவுப் பொருள்கள் பக்கமிருந்து திரு. பிக்கெட் ஓடி வந்தார். அவர் கண்டது இது: தரையில் ஒருவர் கிடக்கிறார், அவருக்கு மேலே, கனமான குளிர்க்கோட்டின் தலைமூடியைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, கையில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். திரு. பிக்கெட் கையைப் பார்த்தார். யோசித்துக்கொண்டு நிற்கவில்லை.

இந்த நேரத்தில் கல்லா வரிசையில் நின்றிருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரும் துப்பாக்கியை எடுத்துத் திரு. பிக்கெட்டைக் குறிபார்த்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டு வந்ததால் சுடவில்லை. அன்று பொது அமைதிக்கு அந்தக் கண்ணாடி செய்த உதவி எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

என் கணவரின் காயத்தில் தன் கழுத்துத் துணியை வைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டிருந்தவர் கத்தியோடு வந்த அந்த இளைஞர்தான். அவர் இப்போது தங்கள் சிறையில் இருக்கிறார். அன்று அக்கடையில் ஆயுதத்துடன் இருந்தவர்களில் சிறையில் இருப்பவர் அவர் ஒருவரே. அவர் செய்தது குற்றம்தான். மறுக்கவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

4. என் கணவர் சாகும் முன் பேசினார். தங்கள் அறிக்கையில் அது இல்லை. சொல்ல வேண்டிய திரு. பிக்கெட் அதைத் தங்களிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், மார்ச் மாதத்தில், என் சமையலறையில்.

அதற்கு முன்பு நாங்கள் பேசியதில்லை. ஆனால் சவ அடக்கம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும், நான் எழுந்திருக்கும் முன்பே என் வீட்டு வாசலில் பனி அள்ளப்பட்டிருக்கும். அவருடைய லாரி போகும் சத்தம் கேட்கும். ஒருநாள் சீக்கிரம் எழுந்து காபி போட்டுக் கதவைத் திறந்தேன். மண்வெட்டியைப் பிடித்தபடி, சுடப்போகிறவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னேன்.

மேசையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பலகைமேல் விரித்து வைத்துக்கொண்டார். காவலர் வண்டியை நிறுத்தினால் கைகளை அப்படி வைக்க வேண்டும் என்று என் கணவர்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். காபி ஆறும்வரை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்:

"திருப்பிப் போட்டப்பதான் கோச்னு தெரிஞ்சுது, மிஸஸ் ஹாஸ்கெட். என்னைத் திட்டுவாருன்னு நெனச்சேன். 'சரியாத்தான் செஞ்ச, டுவேன்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

வெர்னன் அதை ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். அவர் கொடூரமானவர் அல்லர். மாணவன் பாடத்தைச் சரியாக ஒப்பித்தால் பாராட்டாமல் இருக்க அவரால் முடியாது. ஆனால் திட்டு வாங்கியிருந்தால் திரு. பிக்கெட் மீண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பாராட்டை அவரால் எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.

5. இந்நிலையில் ஊர் அவருக்குச் செய்துள்ள உதவிகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அவர் சுட்ட துப்பாக்கி விசாரணைக்காகத் தங்களிடம் இருந்தது. அந்த நாள்களில் அவர் பாதுகாப்பின்றி இருக்கக் கூடாது என்று துப்பாக்கிக் கடை உரிமையாளர் திரு. லெஸ்டர் போக்ஸ் புதிய துப்பாக்கி ஒன்றை அன்பளிப்பாக அளித்தார். பின்னர் வழக்கு இல்லை என்று முடிவானதும் பழைய துப்பாக்கியைத் தங்கள் அலுவலகம் துடைத்து, பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. எனக்குத் தெரியவேண்டாம் என்று திரு. பிக்கெட் கேட்டுக்கொண்டும், அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இவ்வாறாக அவரிடம் இப்போது இரண்டு உள்ளன.

இதே திரு. போக்ஸ், சவ அடக்கத்துக்குப் பிந்திய விருந்தில் என் பக்கத்தில் வந்து நின்று ஆறுதல் சொன்னார். "வெர்னனுக்குப் பின்னாடி நம்ம ஆளு ஒருத்தரு துப்பாக்கியோட நின்னிருந்தா இது நடந்திருக்காதும்மா." ஒருவர் நின்றிருந்தார் என்று நினைவூட்டினேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு சாலட் வைத்தார்.

தேவாலய வகுப்புக்கு முன்னெப்போதும் இல்லாத அளவு ஆள்கள் சேர்ந்திருக்கிறார்கள். நடத்தித் தருமாறு திரு. பிக்கெட்டைக் கேட்டிருக்கிறார்கள். களத்தில் அனுபவமுள்ளவர் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது.

அடுத்து, தீயணைப்பு நிலையத்தின் வசந்தகால பான்கேக் விருந்தில் தாங்கள் அவருக்கு வீரப் பதக்கம் அணிவிக்கப்போவதாக அறிகிறேன். பதக்கத்துடன் வாசிக்கப்படும் குறிப்பு, "பொது இடத்தில் ஆயுதத்துடன் நின்ற நபரைத் தடுத்து நிறுத்தியமைக்காக" என்கிறது. நூலகராக இருந்தவள் என்ற முறையில் இந்த வாக்கியத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. எல்லாச் சொல்லும் உண்மை. அந்த நபர் நிறுத்தப்பட்டுவிட்டார். விருந்துக்கு என்னையும் அழைத்திருக்கிறீர்கள்; முன்வரிசையில் இருக்கை ஒதுக்கியிருப்பதற்கு நன்றி.

6. இம்மனுவுக்கு உடனடிக் காரணம் கடந்த ஞாயிறு நடந்தது. தேவாலயம் விட்டு நான் வீடு திரும்பியபோது திரு. பிக்கெட் தன் நாயுடன் வாசலில் நின்றிருந்தார். பீகிள் இனம், பெயர் பிஸ்கட், வயதானது. அதன் தட்டு, போர்வை, மூட்டுவலி மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எங்காவது வெளியூர் போகிறாயா என்று கேட்டேன்.

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன். இவன் ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டான். ரேடியோவக் கொஞ்சம் முணுமுணுன்னு வெச்சு விட்டீங்கன்னா தூங்கிடுவான்."

எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். எங்கள் கூரை ஓரத்தில் இரண்டு ஓடு தளர்ந்திருப்பதாகச் சொல்லி, ஏணி போட்டு அதைச் சரிசெய்துவிட்டுப் போனார். மறுநாள் கால்நடை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நாயின் உரிமையாளர் என்று என் பெயரை மாற்றியாயிற்று, கையெழுத்துப் போட வர முடியுமா என்று கேட்டார்கள்.

அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. லாரி அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

7. அன்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரவேற்பு மேசையைத் தாண்டியதும் தங்கள் டெபுடி ராய்ஸ் கிம்பல் பொறுமையாகக் கேட்டார். தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளக்கூடிய ஒருவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்க நீதிமன்ற ஆணை கோரலாம் என்றும், கோரும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு என்றும் விளக்கினார். பிறகு கேட்டார்:

"அவரு உங்களுக்கு என்ன உறவு, மேடம்?"

"என் கணவரச் சுட்டவரு."

"அது உறவுல வராதுங்களே, மேடம்."

சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டும் அதையே சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்கள் எல்லா உறவுகளையும் எதிர்பார்த்திருக்க முடியாது. மேலும், பதக்கம் வாங்கப்போகிறவரின் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைக் கேட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்றும், விருந்து முடியட்டும் என்றும் கூறினார்.

விருந்து அடுத்த சனிக்கிழமை. நாய் ஏற்கெனவே என் வீட்டில் இருக்கிறது.

8. டெபுடி கிம்பல் காட்டிய அதே சட்டப் பிரிவை வீட்டில் நானும் படித்தேன். குடும்பத்தார் என்ற சொல்லுக்கு அடுத்து, காவல் அதிகாரி என்ற சொல்லும் உள்ளது. அதாவது, திரு. பிக்கெட்டுக்காக நீதிபதியின் முன் நிற்கக்கூடியவர்கள் இருவகையினர். ஒருவகையினர் அவருக்கு இல்லை. மற்றவர் தாங்கள்.

ஆகவே வேண்டுவது: தாங்கள் இன்றே ஆணைக்கு விண்ணப்பித்து, இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதக்கத்தை அவர் கழுத்தில் போடக் கூடாது. அதன் பாரத்தை அவர் தாங்க மாட்டார். அவரை ஒரு மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எந்த நேரமும் வருகிறேன். துப்பாக்கி உரிமையைப் பற்றிய என் கருத்தை யாரும் கேட்கவில்லை. நானும் இங்கே சொல்லவில்லை. அந்த வாதத்துக்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டுவேனுக்கு நான்தான் இருக்கிறேன்.

அன்று காபி குடித்த மேசையில் நான் வெர்னனின் பாடத்தின்படியே நடந்துகொண்டேன். டுவேனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை சட்டைக்கு அடியில் இடுப்பைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு மேசைக்குத் திரும்பின. ஞாயிறன்று அவர் நாயைக் கொடுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோதுதான் முதன்முறையாக முகத்தைப் பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர், தாமதமின்றி, அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் முகத்தைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி,

லொரேன் ஹாஸ்கெட்
(கையொப்பம்)

இடம்: ஹார்லோ
நாள்: ஏப்ரல் 11