மூடி வச்ச தூக்குச்சட்டி

அக்டோபர் 8, புதன்

சீனி — ஒங்கய்யா ஒங்களைக் கூப்பிடுற பேரு. நீங்க உசுரோட இருந்த வரைக்கும் நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இந்த நோட்டுல மட்டும் கூப்பிட்டுக்கிறேன்.

மாமாவுக்கு, அதான் ஒங்கய்யாவுக்கு, இடுப்பெலும்பு ஆபரேசன் முடிஞ்சு ஆறு நாளாச்சு. மரத்துல ஏறி ஆட்டுக்கு இலைகுழை ஒடிக்கப் போய் விழுந்தது. மாசியில ஒங்களைப் பறிகுடுத்த அதே டவுனு ஆஸ்பத்திரி, அதே ஆம்பளை வார்டு. ரொட்டி, பால், அவிச்ச முட்டை எல்லாம் குடுக்குறாக. மாமா எதையும் தொடலை. கேட்டா, "வயிறு மந்தமா இருக்கு தாயி."

அக்டோபர் 9

ரெண்டு கரண்டி கஞ்சி. அவ்வளவுதான்.

அக்டோபர் 10

டயட் சிஸ்டர் வந்து மாமாவோட மேல்கையைச் சுத்தி டேப்பு வச்சு அளந்தாக. சட்டை தைக்க அளக்குற மாதிரி. பத்தொன்பது சென்டிமீட்டர்னு எழுதிக்கிட்டாக.

"ஏம்மா, வெறும் கஞ்சித்தண்ணியவே குடுத்தா சதை எங்கிட்டு இருந்து வரும்? முதுகுல படுக்கைப்புண்ணு வந்துருச்சு பாருங்க. முட்டையும் பருப்பும் உள்ள போகலைன்னா புண்ணும் ஆறாது, ஆளும் தேற மாட்டாரு."

பத்தியம்னு நெனச்சுத்தான் கஞ்சித் தெளிவா வடிச்சுக் குடுத்தேன். எனக்கு என்ன தெரியும்?

மத்தியானம் முட்டையைப் பிச்சு வாய்கிட்ட கொண்டு போனேன். வாயை இறுக்கிக்கிட்டாக. கத்திட்டேன் — "ஒங்க மகனைத்தான் வாரிக் குடுத்துட்டு நிக்கேன். நீங்களும் போயிட்டா அந்த வீட்டுல யாருக்கு நான் வெளக்குப் பொருத்தணும்?" வார்டே திரும்பிப் பாத்துச்சு. மாமா செவுத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக.

ஏன் கத்துனேன்? அந்த மனுசன் என்ன செய்வாக?

அக்டோபர் 12, ஞாயிறு

வெந்நி பிடிக்கிற எடத்துல பாளையம்பட்டிப் பையன் ஒருத்தன், இன்பராஜ்னு பேரு, வந்து கேட்டான். "அக்கா, எங்கம்மா காலொடிஞ்சு பொம்பளை வார்டுல கெடக்கு. கூடப் பொறந்த பொம்பளை யாருமில்லை. நான் உள்ள போனாலே ஏசுறாக. ஒருக்கா சேலை மட்டும் மாத்தி விடுறீகளா?"

போனேன். வெள்ளைத்தாயின்னு பேரு. எலும்பும் தோலுமா இருக்கு. பெட்பேன் வச்சு, தொடைச்சு, சேலையை மாத்துனேன். முடிச்சதும், "அந்தப் பன்னை எடு தாயி"ன்னு வாங்கி மளமளன்னு தின்னுச்சு.

"மகன் எதுவும் குடுக்கலையா?"

"குடுக்காம என்ன? தின்னா வெளிய போகணும்ல. மீசை வச்ச பய பெட்பேனைத் தூக்கிக்கிட்டு நிப்பான். நான் எங்க கொண்டுபோயி மூஞ்சிய வைக்க? அதான் வாயைக் கட்டிட்டேன்."

அப்புறம் என்னையவே பாத்துச்சு. "ஒன் மாமனாருக்கு யாரு பெட்பேன் வைக்கிறது? நீதான?"

நாந்தான். மாமா வாயை இறுக்கிக்கிட்டது அப்பத்தான் வெளங்குச்சு.

அக்டோபர் 13

ஆள் மாத்திக்கிட்டோம். இன்பராஜ் மாமாகிட்ட, நான் அவன் அம்மாகிட்ட. மாமாகிட்ட நெசத்தைச் சொல்லலை. "ஆம்பளை வார்டுல பொம்பளையாளு நிக்கக் கூடாதாம் மாமா, சிஸ்டர் வெரட்டுறாக"ன்னேன். "சரி தாயி"ன்னாக, சட்டுனு. அந்தச் "சரி"யில இருந்த நிம்மதி — எனக்கு அழுகை வந்துருச்சு.

சாயந்தரம் இன்பராஜ் வராந்தாவுக்கு வந்தான். "அக்கா, இன்னொரு முட்டை இருக்கான்னு கேக்குறாரு."

அக்டோபர் 14

ரெண்டு முட்டை. பருப்புச்சோறு. நான் பக்கத்துல இல்லாதப்பதான்.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாச்சு. புண்ணு ஆறிருச்சு. மேல்கை அளவு பத்தொன்பதரை. வாக்கரைப் பிடிச்சு மாமா அவுகளாவே கக்கூசுக்குப் போயிட்டு வாராக. காலையில கம்மஞ்சோத்துக்குத் தயிர் பத்தலைன்னு சடைச்சுக்கிட்டாக.

ஆஸ்பத்திரித் தூக்குச்சட்டியைப் புளி போட்டு வெளக்குனேன். மாசியில ஒங்களுக்குச் சோறு கொண்டு வந்த அதே சட்டி. கடைசி நாலு நாளு, "பசிக்கலை, நீ தின்னு"ன்னீங்க. ஒங்களைக் கக்கூசுக்குத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப் போயிருந்துச்சு. நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. நானும் சரின்னு சட்டியை மூடி வச்சுட்டேன்.

நெசமாவே பசிக்கலையா, சீனி?