சுகிர்தா சொன்ன வயது

கும்மிடிப்பூண்டி,
ஜனவரி 28.

அன்புள்ள சுகிர்தா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். சவுதியில், தமாமில் குளிர் அதிகம் என்று சொன்னீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். லீவு முடிந்து உங்களோடு வேலை செய்கிற அன்புராஜ் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வீட்டில் ஒரே அறை. பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆகஸ்டில் என் வலது கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். அது பொய். பிளாஸ்டிக் அரைக்கிற கொட்டகையில் மிஷினில் மாட்டியது. இரண்டு விரல் பாதியாகப் போய்விட்டது. தெரிந்தால் காண்டிராக்டை முறித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று மறைத்தேன். கொட்டகை சூப்பர்வைசர் சரவணகுமார் ஆஸ்பத்திரிக்கே வந்து, என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் பெண்ணை அனுப்பச் சொன்னார். "மிஷின் பக்கமே வர வேணாம் மேரி. பாட்டில் மூடிய ரகம் பிரிக்கிற வேலைதான், ஒக்காந்துகினே செய்யலாம்" என்றார்.

அனுப்பினேன். நம் சுகிர்தாவை எட்டாம் வகுப்பிலிருந்து நிறுத்தி அனுப்பினேன். ஆதார் நகலில் பிறந்த வருஷத்தை அவரே மாற்றிக்கொண்டார். யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்லச் சொன்னார். அப்பா கேட்டால் பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது என்று சொல்லும்படி நான் சொன்னேன். அவளும் அப்படியே சொன்னாள். மூன்று மாதம் சொன்னாள்.

அங்கே அவளோடு சேர்த்து அந்த வயதில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அக்டோபரில் தொழிலாளர் துறை ஜீப் வந்தது. வருவதற்கு முன்பே யாரோ போன் செய்துவிட்டார்கள். ஏழு பேரையும் பின்பக்கமாக அனுப்பி ஏரிக்கரை முள்காட்டில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கூட இல்லாமல் இரண்டு மணி நேரம். வந்தவர்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, இங்கே குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற போர்டை வாசலில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அந்தப் போர்டுக்குக் கீழே நுழைந்துதான் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். சட்டம் என்றால் இவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வேலை போகவில்லையே என்று அன்றைக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

அந்த ஜீப்பில் வந்தவர்களில் காயத்ரி என்று ஒரு அதிகாரி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா மட்டும் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், வராத பிள்ளைகளின் பட்டியலை நர்மதா டீச்சரிடம் வாங்கிக்கொண்டு, நவம்பரில் நம் தெருவில் வீடு வீடாக நடந்து வந்தார். சுகிர்தா எங்கே என்று கேட்டார். கடம்பத்தூரில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். என் கையைப் பார்த்தார். கதவு என்றேன். "கதவு இப்படி நசுக்காதும்மா" என்று மட்டும் சொல்லி, கட்டு மாற்ற எங்கே போகிறேன் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார். மிரட்டியிருந்தால் எனக்கும் சண்டை போட வந்திருக்கும்.

மறுநாள் அவர் கொட்டகைக்கு வாசல் வழியாக வரவில்லை. ஏரிக்கரைப் பக்கமாக, அந்த முள்காட்டு வழியாகவே, டீச்சரையும் இரண்டு போலீஸையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்ப வழியே இல்லாமல் போயிற்று. மற்றதை டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரவணகுமார் ஆதார் நகல்களை நீட்டி, எல்லாரும் பதினெட்டு முடிந்தவர்கள் என்றார். காயத்ரி அம்மா பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டார். முதலில் பக்கத்து வீட்டு முத்தம்மாவின் மகள் நந்தினி. பதினெட்டு என்றாள். அடுத்தவளும் பதினெட்டு. மூன்றாவது நம் பிள்ளை. சரவணகுமார் அவளுக்குப் பின்னாலேயே நின்றாராம்.

சுகிர்தா நந்தினியைத் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு, "எனக்குப் பதிமூணு மேடம். மார்ச் வந்தாதான் பதினாலு" என்று சொல்லியிருக்கிறாள். அதோடு நிறுத்தவில்லை. மிஷினைக் கையால் காட்டி, "எங்கம்மா வெரலு இதுலதான் போச்சு. யாரும் ஒங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாளாம். அப்புறம் நந்தினி அழுதுகொண்டே தன் வயதை மாற்றிச் சொன்னாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் சொன்னார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தவளை, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நந்தினியப் போன வாரத்துலருந்து அந்த மிஷினாண்ட நிக்க வச்சிட்டாங்கம்மா" என்றாள்.

கொட்டகைக்கு சீல் வைத்தார்கள். முதலாளி மேல் வழக்கு நடக்கிறது. பிள்ளைகளைத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போய் விசாரித்தார்கள். என்னை ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். இனி அனுப்ப மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். என் கைக்கு நஷ்டஈடு கேட்டு மனு எழுதியதும் காயத்ரி அம்மாதான். விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். சிப்காட்டில் ஒரு கேன்டீனில் தட்டு அடுக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. இடது கையால் பழகிக்கொண்டேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். ஏழு பேரில் நான்கு பேர்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. இன்னொருத்தி வீட்டிலேயே அட்டைப்பெட்டி மடிக்கிறாள். கேட்டால் அம்மாவுக்கு உதவி என்கிறார்கள். மீதி ஒருத்தி நந்தினி. முத்தம்மா என்னோடு பேசுவதில்லை. உன் மகள் வாயால்தான் எங்கள் பிழைப்பு போச்சு என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொல்வதில் பொய் இல்லையே.

காயத்ரி அம்மா மட்டும் இன்னும் வருகிறார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ரயிலில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, யார் வரவில்லையோ அந்த வீட்டுக்கு நடக்கிறார். முத்தம்மா கதவைச் சாத்தியபோதும் படியில் உட்கார்ந்து, நந்தினிக்குப் படிக்க என்ன தடை என்று பொறுமையாகக் கேட்டார். மூன்று முறை அப்படி உட்கார்ந்தார். எதற்கம்மா இத்தனை அலைச்சல், அதான் சீல் வச்சாச்சே என்று நான் கேட்டேன். "சீல் வெக்க அரை நாள் போதும் மேரி. இவங்க மறுபடி வேற கொட்டகைக்குப் போகாம பாத்துக்கறதுதான் வேலையே" என்றார். அவருக்கு மூட்டு வலி. நம் வீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று சுகிர்தா தன்னுடைய இன்னொரு யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு நந்தினி வீட்டு வாசலில் போய் நின்றாள். முத்தம்மா திட்டினாள். இவள் திட்டு வாங்கிக்கொண்டே நின்றாள். இரண்டாம் நாளும் போனாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போவதைப் பார்த்தேன். நேற்று நந்தினி போகவில்லை. இன்றைக்குப் போயிருக்கிறாள். நாளைக்கு எப்படியோ தெரியாது.

இவ்வளவு தைரியம் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். என்னிடமிருந்து இல்லை.

நீங்கள் கூப்பிட்டால் இப்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிடுகிறாள். கவனித்திருப்பீர்கள். அப்பாவிடம் பொய் சொன்னோம் என்று அவளுக்குள் இருக்கிறது. அந்தப் பொய் என்னுடையது. என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து பதினோரு மணிக்கு வந்துவிடுவோம். அப்போது கூப்பிட்டு, முதலில் அவளிடம் பேசுங்கள். நான் வெளியே தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறேன். எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள்
மேரி