மாமனார் கடை செட்டு மாத்திரை

விருத்தாசலம்,
12.2.2006

அன்புத் தம்பி குருமூர்த்திக்கு அக்கா நீலாவதி எழுதிக்கொண்டது. லண்டனில் நீயும் பிரபாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதை நான் கேட்கப்போவதில்லை.

இவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் கூட்டிவந்தோம். இரத்த வாந்தி நின்றுவிட்டது. இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் மனுசன், பீங்கான் சூளையில் வேலை முடிந்து வரும் வழியில் முதுகுவலிக்கு மெடிக்கலில் ‘ஒரு செட்டு குடுங்க’ என்று வாங்கி விழுங்கியிருக்கிறார். பேர் தெரியாத நாலு மாத்திரை, பழைய பேப்பரில் மடித்தது. சூளை ஆட்கள் டீ குடிப்பதுபோல் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். கொடுத்தது வேறு யாருமில்லை, உன் மாமனார் கோதண்டபாணிதான். வால்வு வைத்தது தெரிந்தே கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ‘வலி மாத்திரைக்கெல்லாம் ரத்தம் வருமா? எல்லாம் சூளைச் சூடும்மா’ என்றார். பெரிய தன்வந்திரி!

நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை என் மகள் பூர்ணிமா படித்துச் சொன்னாள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும் என்று நீயே எழுதியிருக்கிறாயாம். அடேயப்பா! இதை உன் மாமனாரிடம் சொல்லடா என்று போனில் கெஞ்சினேன். ‘அவரு மனசு கஷ்டப்படும்க்கா, பிரபா கோச்சிக்கும்’ என்றாய். தூ! இதற்கா படித்தாய்? வெள்ளைக்காரனுக்குப் பாடம் சொல்கிற வாய், பெண் கொடுத்தவரைக் கண்டால் ஒட்டிக்கொள்கிறது.

நான் சொன்னால் இவர் கேட்பதில்லை. ‘குருமூர்த்தி மாமனாரு தப்பா குடுப்பாரா? தப்புன்னா அவன் சொல்லியிருக்க மாட்டானா?’ என்று என்னையே மடக்குகிறார். இன்று காலை எழுந்து உட்கார்ந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு சட்டையைத் தேடினார், கடைக்குப் போக. ஒளித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒளிப்பேன்?

கொளஞ்சியப்பர் கோயிலில் உன் பேரில் சாமிக்குப் புகார்ச் சீட்டு எழுதிப் பிராது கட்டிவிடலாம் என்றுகூடக் கிளம்பினேன். கூடப் பிறந்தவனாயிற்றே, பேரை எழுதக் கை வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

இனிமேல் கட்டுரை அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய். மாமனாரிடம் ‘குடுக்காதீங்க’ என்று சொல், இவரிடம் ‘வாங்காதீங்க’ என்று சொல். துக்கம் கேட்க விமானம் ஏறி வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். இவர் கேட்கிற காதோடு இருக்கும்போதே பேசிவிடு, சாமி.

நல்லாயிரு.

உன் அக்கா
நீலாவதி